மரம் நட்டால் பூமி குளிருமா?

2019 ஜூலையில் ‘சயன்ஸ்’ இதழில் வெளிவந்த ஒரு கட்டுரையை இம்மாதம் எடுத்துக்கொள்வோம். சூரிச் நகரிலுள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பாஸ்டின், குரௌதர் முதலியோர் செய்த ஆய்வு அது. வயலும் ஊரும் போக, உலகில் இன்னும் 90 கோடி ஹெக்டேரில் மரங்கள் தழைக்க இடமுண்டு. அவை வளர்ந்தால் 20,500 கோடி டன் கரியைப் பிடித்து வைக்கும். பூமி சூடாவதைத் தடுக்க இதைவிடப் பயன்தரும் வழியில்லை என்றது அக்கட்டுரை. செய்தித்தாள்கள் கொண்டாடின. 2020 ஜனவரியில் டாவோஸ் நகரில் லட்சம் கோடி மரங்களுக்கான இயக்கமே தொடங்கப்பட்டது.

கட்டுரையின் முதற்பகுதி பாராட்டத்தக்கது. சுமார் 78,000 இடங்களின் செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்து, எந்தத் தட்பவெப்பத்தில் எவ்வளவு மரம் நிற்கும் என்று கணித்திருக்கிறார்கள். குறை அடுத்த படியில்தான்.

நீங்களே வகுத்துப் பாருங்கள். 20,500-ஐ 90-ஆல் வகுத்தால் ஹெக்டேருக்குச் சுமார் 228 டன் கரி வருகிறது. மரத்திலுள்ள கரியோடு காட்டு மண்ணிலுள்ள கரியும் சேர்ந்த எண் இது. அத்தனையும் புதிய வரவு என்றால், மரம் நடுவதற்கு முன் அந்த மண்ணில் கரியே இல்லை என்றல்லவா ஆகிறது? புல்வெளி மண்ணிலோ, வேர்கள் மடிந்து மடிந்து நூற்றாண்டுகளாகச் சேர்ந்த கரி ஏராளம். அதே ஆண்டு வெல்ட்மன் என்பவரும் பல நாட்டு அறிஞர்களும் இதைச் சுட்டிக்காட்டி, கணக்கு ஏறக்குறைய ஐந்து மடங்கு மிகை என்றனர். மிஞ்சுவது சுமார் 4,200 கோடி டன். நிலக்கரியும் பெட்ரோலியமும் எரித்து ஆண்டுதோறும் நாம் வெளிவிடும் கரி ஏறத்தாழ 1,000 கோடி டன்!

எனக்கு இதைவிடப் பெரிய குறையாகத் தோன்றுவது வெளிச்சம் பற்றியது. புதுப்பனி தன்மேல் விழும் சூரிய ஒளியில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பியனுப்பிவிடும். அதே நிலத்தில் கரும்பச்சை ஊசியிலை மரங்களை நட்டால் அவை பனிக்கு மேலே தலைநீட்டி ஒளியை விழுங்கும். மரம் கரியமில வாயுவை உண்கிறது, உண்மைதான். கூடவே வெயிலையும் உண்கிறது. வடகுளிர் நாடுகளில் இரண்டாவது விளைவு முதலாவதை ஈடுசெய்துவிடலாம், மிஞ்சியும் போகலாம் என்று 2000-ஆம் ஆண்டிலேயே ‘நேச்சர்’ இதழில் பெட்ஸ் எழுதிவிட்டார். அப்படியிருந்தும் இக்கட்டுரையின் பட்டியலில் முதலிடம் ரஷ்யாவுக்கு, 15 கோடி ஹெக்டேர், மூன்றாமிடம் கனடாவுக்கு. அந்த நிலங்கள் ஆண்டில் எத்தனை மாதம் வெள்ளையாகக் கிடக்கின்றன என்ற கேள்வியே கணக்கில் வரவில்லை.

வெப்பமண்டலத்தில் கதை வேறு. ஒரு லிட்டர் நீர் ஆவியாகச் சுமார் 24 லட்சம் ஜூல் வெப்பம் வேண்டும். காடு அதை நிலத்திலிருந்து எடுக்கிறது. (உள்ளுறை வெப்பம் மறைந்துவிடுவதில்லை, மேலே நீராவி குளிரும்போது வெளிப்படும் என்பதை மாணவர்கள் மறக்க வேண்டாம்.) அங்கே உண்டாகும் வெண்மேகம் வெயிலைத் திருப்பியடிக்கிறது. 2007-இல் பாலா, கால்டெய்ரா முதலியோர் கணிப்பொறியில் காடுகளை அழித்துப் பார்த்தார்கள். வெப்பமண்டலக் காட்டை அழித்தால் பூமி சூடாயிற்று. வடகுளிர் காட்டை அழித்தால் குளிர்ந்தது. ஆகவே காட்டை வெட்டுங்கள் என்று அவர்கள் சொல்லவில்லை. காடு வெப்பமானிக்காக மட்டும் நிற்பதல்லவே!

வெப்பமண்டலத்திலும் எல்லா வெற்றிடமும் வெற்றிடமல்ல. நீலகிரியின் இயற்கைப் புல்வெளிகளை வெறுநிலமென்று எண்ணி, சீகையும் கற்பூர மரமும் பைனும் நட்டார்கள். அந்தச் சீகையைப் பிடுங்கிப் புல்லை மீட்கும் வேலை இப்போது நடக்கிறது.

2020-இல் ஆசிரியர்கள் அதே இதழில் ஒரு திருத்தம் வெளியிட்டார்கள். ‘மிகப் பயனுள்ள வழி’ என்பது ‘மிகப் பயனுள்ள வழிகளுள் ஒன்று’ ஆயிற்று. 20,500 கோடி மட்டும் அப்படியே நிற்கிறது.