மெய்நிகர் விளையாட்டுகளில் கிறுகிறுப்பு: பெயரும் தீர்வும் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

மெய்நிகர் விளையாட்டுகளில் ஈடுபடுவோருக்குத் தோன்றும் தலைசுற்றல், குமட்டல் முதலியவை தமிழில் பெரும்பாலும் 'இயக்க நோய்' என்றே சுட்டப்படுகின்றன. இப்பெயர் குறையை ஆடுவோரின் உடல்மீது ஏற்றுகிறது என்பதையும், அதனால் தீர்வுகளை மதிப்பிடும் அளவுகோல் பிறழ்கிறது என்பதையும் இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது. அசைவின் மீதான ஆளுகை யாரிடம் உள்ளது என்பதையே தீர்வுகளுக்கான அளவுகோலாகக் கொள்ள வேண்டும் என இது வாதிடுகிறது. தமிழ்ச் சிறுவர் விளையாட்டு மரபும் ஆற்றுப்படை மரபும் இவ்வாதத்திற்குத் துணையாகின்றன.

திறவுச்சொற்கள்: மெய்நிகர் உண்மை, கிறுகிறுப்பு, கலைச்சொல், தட்டாமாலை, ஆற்றுப்படை, விளையாட்டுத் திறனாய்வு.

முன்னுரை

சேலம் மாவட்டத்து ஆட்டையாம்பட்டி சமவெளியில் அமைந்த ஊர். வடக்கே ஏற்காடும் தென்கிழக்கே கொல்லிமலையும் உள்ளன. இவ்வட்டாரத்து மக்களுக்கு மலைப்பேருந்துப் பயணம் பழக்கமானது. காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அச்சாலையில் பயணிகள் சிலர் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடியே வருவர். சிலர் கண்களை மூடிக்கொள்வர். ஆனால் அதே வண்டியில், அதே வளைவுகளில், ஓட்டுநருக்குக் குமட்டல் வருவது அரிது. இருவரின் உடலும் ஒரே அசைவுக்கு உட்படுகிறது. அடுத்த வளைவு எப்போது, எப்பக்கம் என்பதை முன்னறிந்து வண்டியைத் திருப்புபவர் ஓட்டுநர் மட்டுமே. ரோல்னிக், லூபோ ஆகியோர் 1991 இல் வெளியிட்ட ஆய்வும் இவ்வேறுபாட்டை உறுதிப்படுத்தியது. ஒரே வகைச் சுழற்சிக்கு உட்பட்டவர்களுள் அதனைத் தாமே கட்டுப்படுத்தியவர்கள் குறைவாகவே பாதிக்கப்பட்டனர்.

மெய்நிகர் விளையாட்டு இச்சிக்கலைத் தலைகீழாக்குகிறது. பேருந்தில் உடல் அசைகிறது; இருக்கையையும் உட்புறத்தையும் மட்டும் காணும் கண்ணுக்கு அவ்வசைவு தெரிவதில்லை. மெய்நிகர்த் தலையணியிலோ காட்சி அசைகிறது; உடல் நாற்காலியில் அமர்ந்தே இருக்கிறது. விளைவு ஏறத்தாழ ஒன்றே. இவ்விளைவுக்கு எப்பெயர் இடுவது, எத்தீர்வை ஏற்பது என்பன தமிழில் விளையாட்டுத் திறனாய்வு செய்வோர் எதிர்கொள்ள வேண்டிய வினாக்கள்.

பெயரின் சிக்கல்

'இயக்க நோய்', 'பயண நோய்' என்னும் இரு பெயர்களும் ஆங்கில வழக்கைச் சொல்லுக்குச் சொல் பின்பற்றியவை. மெய்நிகர் விளையாட்டுக்கு இவை இரண்டும் பொருந்துவதில்லை. ஆடுபவர் இயங்கவில்லை, பயணம் செய்யவும் இல்லை. இந்நிலை நோயும் அன்று. உட்செவியின் சமநிலை உறுப்பு முற்றிலும் செயலிழந்தவர்க்கு இவ்வகைக் குமட்டல் பொதுவாகத் தோன்றுவதில்லை. அவ்வகையில் இதனை நலமான உடலின் இயல்பான எதிர்வினை என்றே கொள்ள வேண்டும். 'நோய்' என்ற சொல் வந்தவுடன் மருந்தும் நோயாளியும் உடன் வருகின்றனர். விளையாட்டை வடிவமைத்தவர் பார்வையிலிருந்து மறைந்துவிடுகிறார்.

தமிழில் இதற்குச் சொற்பஞ்சம் இல்லை. கிறுகிறுப்பு, தலைசுற்றல், மயக்கம், குமட்டல், ஓங்கரிப்பு என்பன தனித்தனி உணர்வுகளைக் குறிக்கின்றன. கென்னடி முதலியோர் 1993 இல் வெளியிட்ட பாவனைக்கருவி நோய் வினாநிரல், 16 அறிகுறிகளைக் குமட்டல், கண்ணியக்கத் தொல்லை, திசைத்தடுமாற்றம் என்னும் மூன்று தொகுதிகளில் அடக்குகிறது. அதில் கண் திறந்த நிலையில் வரும் தலைசுற்றல், கண் மூடிய நிலையில் வரும் தலைசுற்றல், சுற்றுப்புறமே சுழல்வது போன்ற உணர்வு ஆகியவை தனித்தனி வினாக்கள். மூன்றையும் 'மயக்கம்' என்று பெயர்த்தால் தரவு பயனற்றுப் போகும். அன்றாட வழக்கில் நினைவிழந்து விழுவதும் மயக்கமே, களைப்பும் மயக்கமே. அறிகுறிப் பட்டியலில் கிறுகிறுப்பு, தலைசுற்றல் ஆகிய சொற்களை வரையறுத்து ஆள்வதே பொருந்தும்.

நிலைமை முழுவதற்குமான பெயராக மயக்கம் என்பதை வேறொரு பொருளில் ஆளலாம். இலக்கண மரபில் மயக்கம் என்பது கலத்தல், ஒன்று மற்றொன்றின் இடத்தில் வருதல் என்னும் பொருள் உடையது. வேற்றுமை மயக்கம், திணை மயக்கம் ஆகிய தொடர்களில் அச்சொல் நோயையோ குறைபாட்டையோ சுட்டவில்லை. இரண்டின் உறவையே சுட்டுகிறது. இவ்வடிப்படையில் 'புலன்மயக்கம்' என்னும் தொடர் 'இயக்க நோய்' என்பதைவிடப் பொருத்தமானது. அது உடலுக்கும் காட்சிக்கும் இடைப்பட்ட உறவில் சிக்கலை வைக்கிறது.

காரணக் கொள்கைகள்

இதற்கு மாறாக ஒரு தடை எழுப்பப்படலாம். 'புலன்மயக்கம்' என்பது புலன்முரண் கொள்கையை முன்கூட்டியே ஏற்றுக்கொள்ளும் பெயர் அன்றோ? ரீசன், பிராண்ட் ஆகியோர் 1975 இல் விரித்துரைத்த அக்கொள்கையின்படி, கண்ணும் உட்செவியும் தரும் செய்திகள் ஒன்றோடொன்றும், பழக்கத்தால் எதிர்பார்க்கப்படுவதோடும் முரணும்போது குமட்டல் தோன்றுகிறது. டிரைஸ்மன் 1977 இல் இதற்குப் படிமலர்ச்சி நோக்கில் ஒரு விளக்கம் தந்தார். நஞ்சுண்ட உடலிலும் இத்தகைய முரண் நேர்வதால் உடல் வாந்தியால் தன்னைக் காத்துக்கொள்கிறது என்பது அவர் கருத்து. ரிச்சியோ, ஸ்டாஃப்ரிகன் ஆகியோர் 1991 இல் முரண் என்னும் கருத்தையே மறுத்தனர். உடல் தன் நிலைப்பாட்டைக் காத்துக்கொள்ளும் வழியை இன்னும் கற்காத சூழலில் நீண்ட நேரம் இருப்பதே காரணம் என்றனர்.

விவாதம் முடிந்துவிடவில்லை. ஆயினும் இக்கொள்கைகள் அனைத்தும் ஒன்றில் உடன்படுகின்றன. எதுவும் கிறுகிறுப்பை உடலின் தனிக் குறையாகக் கருதவில்லை. உடலும் சூழலும் பொருந்தாமையையே பேசுகின்றன. மயக்கம் என்பதை உறவின் பெயராகக் கொண்டால் இத்தடை வலுவிழக்கிறது.

சுழலும் விளையாட்டுகள்

கிறுகிறுப்பை முற்றிலும் ஒழிப்பதே நோக்கமா என்பது அடுத்த வினா. ரோஜே கையுவா 1958 இல் விளையாட்டுகளைப் போட்டி, வாய்ப்பு, பாவனை, கிறுகிறுப்பு என நான்காகப் பகுத்தார். தலைசுற்றலை வேண்டித் தேடும் விளையாட்டுகள் அவர் பகுப்பில் தனி வகை. தேவநேயப் பாவாணர் சேலம் நகராட்சிக் கல்லூரியில் பணியாற்றிய காலத்தில், 1954 இல், 'தமிழ்நாட்டு விளையாட்டுகள்' நூல் வெளிவந்தது. அந்நூல் ஆடுவோரின் பாலையும், பகல் இரவு என்னும் ஆடும் பொழுதையும் கொண்டு பகுக்கிறது. யார், எப்பொழுது ஆடினர் என்பதை அறிய அப்பகுப்பு இன்றியமையாதது. ஆடும் உடல் என்ன உணர்ந்தது என்பதை அறியக் கையுவாவின் பகுப்பும் வேண்டும்.

தட்டாமாலை சுற்றும் குழந்தை கைகளை விரித்துத் தன்னைத்தானே சுழற்றிக்கொள்கிறது. நின்ற பின்னரும் உட்செவிக் குழல்களிலுள்ள நீர்மம் சற்று நேரம் அசைவதால் நிலம் சுழல்வதாகத் தோன்றுகிறது. குழந்தை சிரிக்கிறது. கரகரவண்டியில் இருவர் கைகோத்துப் பின்சாய்ந்து சுற்றுகின்றனர்; ஒருவர் தளர்ந்தால் மற்றவர் வேகத்தைக் குறைக்கிறார். இரண்டிலும் கிறுகிறுப்பு உண்டு. அதைத் தொடங்கவும் நிறுத்தவும் ஆடுவோருக்கு உரிமையும் உண்டு. இன்பமான கிறுகிறுப்பிற்கும் துன்பமான கிறுகிறுப்பிற்கும் இடையிலுள்ள வேறுபாடு பெரும்பாலும் இந்த ஆளுகையில்தான் அமைகிறது.

தீர்வுகளின் மதிப்பு

நடைமுறையிலுள்ள தீர்வுகளை இவ்வளவுகோலால் நோக்கலாம். முதல்வகைத் தீர்வுகள் கருவியைச் சார்ந்தவை. தலையின் அசைவுக்கும் காட்சியின் மாற்றத்திற்கும் இடைப்பட்ட தாமதத்தை ஏறத்தாழ 20 மில்லிவினாடிக்குள் அடக்குவதும், நொடிக்கு 90 சட்டங்கள் காட்டுவதும் இவ்வகையின. 2016 இல் விற்பனைக்கு வந்த ஆக்குலஸ் ரிஃப்ட், எச்டிசி வைவ் ஆகிய இரண்டும் 90 சட்ட வேகத்தைக் கொண்டிருந்தன. தலையைத் திருப்பியது தாமே என்பதை உடல் அறியும். காட்சி உடனே திரும்பினால் ஆளுகை ஆடுபவரிடமே நிற்கும். இத்தீர்வுக்குக் கலை இழப்பும் இல்லை.

இரண்டாம் வகை காட்சியைக் குறுக்குவது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பெர்னாண்டஸ், ஃபைனர் ஆகியோர் 2016 இல், நகரும்போது மட்டும் பார்வைப்புலத்தின் விளிம்புகளை மெல்ல மறைத்துக் கிறுகிறுப்பைக் குறைத்தனர். பர்டூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015 இல் காட்சியின் நடுவே ஒரு மெய்நிகர் மூக்கை வைத்து, அசையாத பற்றுக்கோடு ஒன்று பயன்தருவதைக் காட்டினர். இவை பயனுள்ளவை, ஆனால் கண் மூடிக்கொள்ளும் பேருந்துப் பயணியின் உத்தியை ஒத்தவை. பயணி இன்னும் பயணியாகவே இருக்கிறார்.

மூன்றாம் வகை இடம்தாவல். சுட்டிய இடத்திற்கு ஆடுபவர் நொடியில் மாறுகிறார். இடைப்பட்ட அசைவு இல்லாததால் முரணும் இல்லை. ஆனால் வழியும் இல்லை. 'மலைபடுகடாம்' போன்றதோர் ஆற்றுப்படையை மெய்நிகர் விளையாட்டாக்கினால் இவ்விழப்பு வெளிப்படும். ஆற்றுப்படையில் வழியே பொருள். அடிவாரத்திலிருந்து உச்சிக்குத் தாவுபவர்க்கு மலை கிடைப்பதில்லை. மாறாக, அவ்விலக்கிய வகையே வேறொரு தீர்வைச் சுட்டுகிறது. பரிசில் பெற்றவன் எதிர்ப்படும் இரவலனுக்கு முன்னே வரும் மேட்டையும் பள்ளத்தையும் அறிவித்து அனுப்புகிறான். வரவிருக்கும் திருப்பத்தைக் காட்சியாலோ ஒலியாலோ முன்னறிவித்து, நடையின் வேகத்தை ஆடுபவரிடமே ஒப்படைக்கும் வடிவமைப்பு, பயணியை ஓட்டுநராக்கும்.

ஏ. ஆர். ரகுமான் இயக்கி 2022 இல் கான் விழாவையொட்டிக் காட்டப்பட்ட 'லே மஸ்க்' என்னும் 36 நிமிட மெய்நிகர்ப் படம், காட்சியோடு இசை, மணம், அசையும் இருக்கை ஆகியவற்றை இணைத்தது. இருக்கை அசைவதால் உட்செவிக்கும் காட்சியில் பங்கு கிடைக்கிறது. இது தக்க திசையே. ஆயினும் இருக்கையை அசைப்பது படைப்பே ஆதலால் அது திரைப்படத்திற்கு ஏற்கும். ஆடுபவர் தாமே வழியைத் தெரியும் விளையாட்டுக்கு அதுமட்டும் போதாது.

யாருடைய குறை

பெயரும் அளவுகோலும் பிறழ்வதால் நேரும் தீங்கு ஆய்வு வரலாற்றிலேயே பதிவாகியுள்ளது. முனஃபோ முதலியோர் 2017 இல் ஆக்குலஸ் ரிஃப்ட் கருவியில் இரு விளையாட்டுகளைச் சோதித்தனர். அவற்றுள் ஒன்றில் ஆண்களைவிடப் பெண்களே மிகுதியாகப் பாதிக்கப்பட்டனர். இது பெண்ணுடலின் இயல்பு என்று எளிதில் முடிவு கட்டிவிடலாம். ஸ்டானி முதலியோர் 2020 இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது. இரு கண்மணிகளுக்கு இடையிலுள்ள தொலைவுக்குத் தலையணியின் வில்லைகள் பொருந்தாமையே வேறுபாட்டுக்கு முதன்மைக் காரணம். பொருந்தியபோது பெண்களின் பட்டறிவு ஆண்களுடையதை ஒத்திருந்தது. 'நோய்' எனக் கொண்டிருந்தால் ஆய்வு பெண்களின் உடலோடு நின்றிருக்கும். பொருத்தம் எனக் கொண்டதால் அது வில்லையை நோக்கித் திரும்பியது.

முடிவுரை

மெய்நிகர் விளையாட்டில் தோன்றும் கிறுகிறுப்பு, உடலுக்கும் படைப்புக்கும் இடைப்பட்ட பொருத்தமின்மையின் அறிகுறி. 'இயக்க நோய்' என்னும் பெயர் அதை மறைக்கிறது. 'புலன்மயக்கம்' அதை வெளிப்படுத்துகிறது. குமட்டலைக் குறைத்ததா என்பதோடு, ஆடுபவருக்கு அசைவின் ஆளுகையைத் தந்ததா, வழியைப் பறித்ததா என்பவற்றையும் கேட்டே ஒரு தீர்வு மதிப்பிடப்பட வேண்டும். மெய்நிகர்ப் படைப்புகளை ஆராயும் தமிழ்த் திறனாய்வு, கதை, காட்சி, மொழி ஆகியவற்றோடு ஆடுபவரின் உடலையும் தன் ஆய்வுப் பொருளாக ஏற்க வேண்டும். பாதியில் தலையணியைக் கழற்றி வைத்தவரும் அப்படைப்பைப் பற்றி ஒரு மதிப்பீட்டை வழங்கியவரே.