மானியம் என்ற சொல்

ஒரு சாப்பாட்டின் விலை 20 ரூபாய். சாப்பிடுகிறவர் தருவது அது. சமைத்துப் போட்டவளுக்கு அரசு தருவதாகச் சொன்னது மேலும் 10 ரூபாய். இந்தப் பத்து ரூபாய்க்கு என்ன பெயர்? விலையா, மானியமா? பெயரில் என்ன இருக்குன்னு கேட்கலாம். பெயரில்தான் எல்லாமே இருக்கு.

கேரளத்தில் ஜனகீய ஹோட்டல்கள் 2020இல் தொடங்கின. குடும்பஸ்ரீ பெண்கள் குழுவாகச் சேர்ந்து நடத்துபவை. இடமும் மின்சாரமும் தண்ணீரும் உள்ளாட்சி மன்றத்தின் பொறுப்பு. அரிசி மலிவு விலையில் அரசிடமிருந்து வரும். ஊரடங்குக் காலத்தில் மாநிலமெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் அடுப்பு எரிந்தது. பசித்தவர்கள் சாப்பிட்டார்கள், அரசுக்கு நல்ல பெயர் கிடைத்தது. பத்து ரூபாய் மட்டும் ஒழுங்காக வரவில்லை. பெண்கள் மளிகைக்கடையில் கடன் சொன்னார்கள், வங்கியில் கடன் வாங்கினார்கள், ஆனால் சமைப்பதை நிறுத்தவில்லை. 2023 ஆகஸ்டில் அந்தப் பத்து ரூபாயே நிறுத்தப்பட்டது. சாப்பாட்டு விலை 30 ரூபாயானது. பழைய பாக்கியைக் கேட்டுப் பெண்கள் போராட வேண்டியிருந்தது.

இதே அரசுக்கு ஒரு ஒப்பந்தக்காரர் பாலம் கட்டியிருந்தால் அவருக்கு வர வேண்டிய தொகை ‘பில்’. அது கடன், சட்டப்படி கேட்கக்கூடியது. சமைத்துப் போட்டவளுக்கு வர வேண்டியதோ ‘மானியம்’. மானியம் கருணையின் கணக்கில் வருவது. வந்தால் நன்றி சொல்லணும், வராவிட்டால் பொறுத்துக்கணும். உழைப்பை விற்றவள் ஏட்டில் ‘பயனாளி’யாக மாறும் ரசவாதம் இந்த ஒரே சொல்லில் நடந்து முடிந்துவிடுகிறது.

கேரளத்தைக் குறை சொல்வது எளிது. ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்கும் அளவுக்காவது அங்கேதான் விஷயம் வளர்ந்திருக்கிறது. 1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தில் மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளிடம் ஒப்படைப்பதென்று முடிவானது. பெண்களுக்கான திட்டங்களுக்குப் பத்து விழுக்காடு என்று வரையறுத்தார்கள். 1998இல் குடும்பஸ்ரீ வந்தது. தெருவில் அயல்கூட்டம், வார்டில் அதற்கு மேல் ஓர் அமைப்பு, ஊராட்சியில் இன்னொன்று என்று மூன்றடுக்கு. ஊறுகாய், சோப்பு, தையல் என்று சிறுதொழில்கள் முளைத்தன. பல நின்றும் போயின.

ஏன் நின்றன? வழக்கமான பதில் நமக்குத் தெரியும்: பயிற்சி போதாது, நிர்வாகத்திறன் போதாது, சந்தைப்படுத்தத் தெரியவில்லை. அதாவது குறை பெண்களிடம். கடன் கொடுத்துத் தொழில் தொடங்கச் சொல்லும் எல்லாத் திட்டங்களிலும் தோல்வியை இப்படி ஏழையின் தலையில்தான் இறக்கிவைக்கிறார்கள்.

ரோசா லக்சம்பர்க் பெர்ன்ஸ்டைனை மறுத்து எழுதியபோது உற்பத்திக் கூட்டுறவின் முரணைத் தெளிவாகவே சுட்டினார். சந்தைப் போட்டியில் நிற்க வேண்டுமென்றால் தொழிலாளர்கள் தமக்குத் தாமே முதலாளியாகித் தம்மையே கசக்கிப் பிழிய வேண்டும். மறுத்தால் கூட்டுறவு கலைந்துபோகும். நிலையான நுகர்வோர் வட்டம் முன்கூட்டியே உறுதியாகிவிட்டால்தான் இதிலிருந்து தப்ப முடியும் என்றார். கூட்டுறவால் முதலாளியத்தை வெல்ல முடியாது என்று காட்டத்தான் அவர் இதைச் சொன்னார். அவர் முடிவோடு நாம் உடன்படலாம், படாமல் இருக்கலாம். ஆனால் நோயை அவர் சரியாகக் கண்டுபிடித்திருக்கிறார்: கூட்டுறவுக்கு முதலைவிட முக்கியம் வாங்குகிற ஆள்.

கேரளத்தில் நின்று நிலைத்தவற்றைப் பாருங்கள். அங்கன்வாடிக் குழந்தைகளுக்கான ‘அமிர்தம்’ சத்துமாவைக் குடும்பஸ்ரீ குழுக்களே தயாரிக்கின்றன. வாங்குகிற ஆள் முன்பே உறுதி. வடகரைப் பக்கத்து ஊராளுங்கல் தொழிலாளர் ஒப்பந்தக் கூட்டுறவுச் சங்கம் இன்னும் பழைய கதை. வாக்படானந்தரின் சீர்திருத்த இயக்கத்தில் சேர்ந்த குற்றத்துக்காக வேலை மறுக்கப்பட்ட கூலிகள் 1925இல் தொடங்கியது. இன்று சாலையும் பாலமும் கட்டுகிற பெரிய நிறுவனம். அது வளர்ந்தது கடனால் அல்ல, அரசின் பொதுப்பணிகளால். டெண்டர் இல்லாமலே அதற்கு வேலை போகுதுன்னு குற்றச்சாட்டு உண்டு. உறுப்பினரல்லாத வெளிமாநிலத் தொழிலாளர்கள் அதில் கூலிகளாகவே இருக்கிறார்கள் என்பதும் உண்டு. இரண்டையும் மூடி மறைக்க வேண்டியதில்லை. அரசே வாடிக்கையாளராகும்போது சலுகையும் சார்பும் கூடவே வரும். அதற்குத் தீர்வு திறந்த கணக்கும் கிராமசபையின் கேள்வியும்தான். மறுபடியும் பெண்களைக் கடனோடு சந்தையில் தள்ளிவிடுவது தீர்வாகாது.

நமக்கும் இது புதிதல்ல. 1983இல் தொடங்கிய இலவச வேட்டி சேலைத் திட்டத்தில் ஏழைக்குத் துணி கிடைத்தது, நெசவாளருக்கு வேலையும் கிடைத்தது. அதை ‘இலவசம்’ என்று கேலி பேசியவர்கள் தறியின் பக்கத்தைப் பார்க்கவே இல்லை. சங்கத்தில் நெய்கிறவனுக்கு அது இலவசம் இல்லை, அது ஆர்டர். ஆனால் அந்த முடிவு கோட்டையில் எடுக்கப்படுவது. நம் ஊராட்சிகளோ பெரும்பாலும் மேலிருந்து வரும் திட்டத்தை நிறைவேற்றும் அலுவலகங்களாகவே வைக்கப்பட்டிருக்கின்றன. 1994இன் ஊராட்சிச் சட்டத்துக்குப் பிறகும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை.

ஆகவே செயல்படுகிற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கிராமசபையில் ‘எங்களுக்குக் கடன் கொடுங்கள்’ என்று கேட்காதீர்கள். இந்த ஊராட்சியும் இதன் பள்ளிக்கூடமும் அங்கன்வாடியும் வருஷத்துக்கு என்னென்ன வாங்குகின்றன, யாரிடமிருந்து, என்ன விலைக்கு என்று கேளுங்கள். அந்தப் பட்டியலை வாசிக்கச் சொல்லுங்கள். அதில் நம் பெண்களால் செய்து தர முடிந்தவற்றைக் குறித்துக்கொண்டு, விலையையும் பணம் தரும் தேதியையும் எழுத்தில் வாங்குங்கள். தேதி தாண்டினால் வட்டி என்றும் எழுதச் சொல்லுங்கள்.

அப்போதுதான் அந்தப் பத்து ரூபாய் மானியமாக இல்லாமல் கூலியாகக் கைக்கு வரும்.