சென்சிபிள் சொக்கர்: சுருங்கச் சொன்ன உதைபந்தாட்டம்

நூலுக்குரிய குற்றங்கள் பத்தினை எண்ணப் புகுந்த நன்னூலார், அவற்றுள் முதலாவதாகக் குன்றக் கூறலை வைத்தார். அழகுகள் பத்தினுள் முதலாவதாகச் சுருங்கச் சொல்லலை வைத்தார். புறத்தோற்றத்தில் இவ்விரண்டும் ஒன்றுபோலவே காணப்படும். இரண்டிலும் சொற்கள் சிலவே. வேண்டியதை விடுத்தல் குற்றம். வேண்டாததை விடுத்தல் அழகு. இவ்வளவுகோல் நூலுக்கு மாத்திரமன்றிப் பிற ஆக்கங்களுக்கும் பொருந்துமா என்று ஆராய்வார்க்கு, இங்கிலாந்திலே 1992 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘சென்சிபிள் சொக்கர்’ என்னும் கணினி விளையாட்டு தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

இதனை ஆக்கியது, யோன் ஹெயர், கிறிஸ் யேற்ஸ் என்னும் இருவர் 1986 இல் தொடங்கிய சென்சிபிள் சொவ்ற்வெயார் என்னும் சிறு நிறுவனம். அக்காலத்து இல்லங்களிற் பெருவழக்காயிருந்த அமிகா, அற்றாரி எஸ்.ரி. ஆகிய கணினிகளுக்கென இது முதலில் ஆக்கப்பட்டது. இதற்கு முன்னோடியென ஒன்றைக் கூறவேண்டின், டினோ டினி ஆக்கிய ‘கிக் ஓவ்’ வரிசையைக் கூறல் வேண்டும். அதன் விரைவு வியக்கத்தக்கது. பந்து காலில் ஒட்டிக்கொள்ளாமல் தன்போக்கில் ஓடுவதும் அதன் சிறப்பேயாம். ஆயின், ஆடுகளத்தின் சிறு பகுதியே திரையிற் புலப்பட்டமையால், தம் அணியினர் எங்கு நிற்கின்றனர் என்பதை விளையாடுபவர் பெரும்பாலும் மூலையிலிருந்த சிறு படத்தைக் கொண்டே அறியவேண்டியிருந்தது.

ஹெயர் குழுவினர் செய்தது மிக எளிய மாற்றம். ஆட்டக்காரரின் உருவத்தைச் சிறிதாக்கினர். 1991 இல் வெளியிட்ட ‘மெகாலோமேனியா’ என்னும் போர் விளையாட்டின் குறுவீரருக்கு உதைபந்தாட்ட உடை அணிவித்துப் பார்த்ததிலிருந்தே இவ்வெண்ணம் வளர்ந்தது. முகம் இல்லை, விரல் இல்லை, சட்டையின் நிறமும் தலைமயிரின் நிறமுமே அடையாளம். குன்றக் கூறல் என்று இதனை இகழ்வார் உளர். ஆனால் உருவம் குறுகக் குறுக வெளி விரிந்தது என்பதை அவர் கருதுவதில்லை. உதைபந்தாட்டத்தின் உயிர் ஆட்டக்காரரின் முகத்தில் இல்லை. ஒருவனுக்கும் மற்றொருவனுக்கும் இடையிலுள்ள வெறுந்தரையில் இருக்கின்றது. பந்து செல்லுமுன்னரே அவ்விடத்தைக் கண்டுகொள்பவனையே நல்லாட்டக்காரன் என்கிறோம். மைதானத்தின் உயர்ந்த படிக்கட்டிலிருந்து ஆட்டத்தைக் காண்பவன் பெறும் அறிவை இவ்விளையாட்டு ஆடுபவனுக்கே அளித்தது.

கருவியிலும் இதே சிக்கனம். ஜோய்ஸ்ரிக் என்னும் கைப்பிடியில் ஒரு பொத்தானே உண்டு. மெல்லத் தட்டினால் அண்மையிலுள்ள தோழனிடம் பந்து செல்லும். சற்று அழுத்தினால் ஓங்கி உதைபடும். பந்து எதிரியிடம் இருப்பின் அதே பொத்தான் சறுக்கித் தடுக்கும். பந்து வானில் வரின் தலையால் முட்டும். ஒரு சொல் இடம்நோக்கிப் பல பொருள் தருதல் போல்வது இது. ஆழம் வேறிடத்தில் உள்ளது. உதைத்த பின்னரும் ஒரு கணப்பொழுது பந்து ஆடுபவரின் கைக்கு அடங்கியிருக்கும். கைப்பிடியைப் பின்னே இழுத்தால் பந்து உயரும். பக்கத்தே சாய்த்தால் வளையும். இதனை ‘ஆவ்ரர் ரச்’ என வழங்குவர். கற்பதற்கு ஐந்து நிமிடம் போதும். கைவருவதற்கு ஆண்டுகள் செல்லும்.

1994 இல் வந்த ‘சென்சிபிள் வேர்ல்ட் ஒவ் சொக்கர்’ இதனைப் பேரளவில் விரித்தது. ஏறக்குறைய 1,500 அணிகளும் 27,000 ஆட்டக்காரரும் அதில் இடம்பெற்றனர். ஒரு சிறு கழகத்தின் முகாமையாளராகத் தொடங்கி இருபது பருவங்கள் பணியாற்றலாம். ஆட்டம் சுருங்கியதாக, அதனைச் சூழ்ந்த உலகம் இத்துணைப் பரந்ததாக அமைந்த பொருத்தம் பிற்காலத்துப் பெருநிறுவனங்களுக்கும் எளிதில் வாய்க்கவில்லை. 2007 இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்து ஹென்றி லோவுட் முதலிய ஐவர், பேணிக் காக்கத்தக்கன எனப் பத்துக் கணினி விளையாட்டுக்களைத் தெரிந்தபோது, அப்பட்டியலில் இடம்பெற்ற உடல்விளையாட்டு இஃது ஒன்றே.

குறையில்லை என்பதற்கில்லை. சில கோணங்களிலிருந்து வளைத்து அடிக்கும் பந்துக்குக் கோல் காப்பாளர் மீண்டும் மீண்டும் ஏமாறுவார். அக்கோணங்களை அறிந்தவன் அறியாதவனை எளிதில் வெல்வான். இதனையும் ஒரு சுவையெனப் பாராட்டும் அன்பர் உளர். அது அன்பின் மிகுதியேயன்றித் திறனாய்வு ஆகாது.

இளமை நினைவின் இனிமையாலேயே இது நிலைத்தது என்பாரும் உளர். அவ்வாறாயின் அதே ஆண்டுகளில் அதே சிறுவர் ஆடிய உதைபந்தாட்ட விளையாட்டுக்கள் யாவும் நிலைத்திருத்தல் வேண்டும். அவற்றுட் பல பெயரும் அறியப்படாமல் மறைந்தன. இதற்கோ, ஆர்வலர் புதிய பருவங்களின் அணிப்பட்டியல்களைத் தாமே தொகுத்துச் சேர்த்துவந்ததோடு, ஐரோப்பிய நகரங்களிற் கூடிப் போட்டிகளும் நடத்திவந்துள்ளனர். பழமையை மாத்திரம் விரும்புவோர் புதிய பெயர்களைச் சேர்க்க உழைப்பார்களா?

மேலும் ஒரு சான்று ஆக்கியோரிடமிருந்தே கிடைக்கின்றது. 1993 இன் இறுதியில் வெளியான ‘பிபா இன்ரர்நஷனல் சொக்கர்’ பெரிய உருவங்களையும் சாய்ந்த பார்வையையும் கொண்டு தொலைக்காட்சி ஒளிபரப்பைப் போலத் தோற்றமளித்தது. சந்தை அவ்வழியே சென்றது. சென்சிபிள் நிறுவனமும் அதனைப் பின்பற்றி, ‘சென்சிபிள் சொக்கர் 98’ என்னும் பதிப்பில் முப்பரிமாண உருவங்களைப் புகுத்தியது. முகமும் உடலும் பெருகின. முன்னையதன் வரவேற்பு அதற்குக் கிட்டவில்லை. 1999 இல் நிறுவனமே கோட்மாஸ்ரர்ஸின் கைக்கு மாறிற்று. அதன் பின்னரும் ஆர்வலர் பட்டியல் தொகுத்தது 1994 இன் சிற்றுருவ ஆட்டத்துக்கேயாம்.