சயாம் இரயிலும் தமிழ் நாவலும்

சயாம்–பர்மா இரயில்பாதையை உலகம் அறிந்தது பெரும்பாலும் 1957இல் வந்த 'குவாய் ஆற்றுப் பாலம்' திரைப்படத்தாலேயாம். அங்கே வெள்ளை அதிகாரியின் மானமே பெரிது. தோட்டத் தமிழரைத் தேடித்தான் காணவேண்டும். உண்மையோ வேறு. 1942–43இல் 415 கிலோமீட்டர் பாதையிட்ட போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர். ஆசியத் தொழிலாளரோ அவரினும் மும்மடங்குக்கு மேல். அவருள் மலாயாத் தமிழர் பெருந்தொகையினர். மாண்ட கைதிகள் 12,000க்கும் மேற்பட்டோர். காஞ்சனபுரி முதலிய இடங்களில் அவர்க்குப் பெயர் பொறித்த கற்கள் உண்டு. மாண்ட தொழிலாளர் எண்பதாயிரமா, தொண்ணூறாயிரமா என்பது இன்றும் மதிப்பீடே.

ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' என்னும் நாவல்கள் இக்குறையை நோக்கி எழுந்தவை. பின்னதன் தலைப்பே ஒரு வழக்கு எனலாம்: கல் நாட்டப்பெறாதார்க்கு நூலே கல். (நடுகல் கண்ட இனத்தார்க்கு இது புதிதன்று.) காலராவையும் சவுக்கடியையும் அடுக்கிக் கண்ணீர் வருவித்தல் எளிது. 'கூலி' என்று ஏட்டில் எண்ணப்பட்டவனை ஊரும் உறவும் உடைய மனிதனாக நிறுத்துவதே நாவலாசிரியனுக்கு அரிய பணி; அவ்வளவில் நின்றே இவற்றை மதிப்பிடல் தகும்.

அவர்கள் சரக்குப் பெட்டிகளில் சென்ற வடக்குப் பாதை தாசேக் கெலுகோர் வழியே செல்கிறது. சுற்றுவட்டத் தோட்டங்களிலிருந்து போனவர் யாவர் என்பதைக் குடும்ப முதியோரிடம் கேட்டெழுத மாணவரை ஏவுதல், இந்நாவல்களைப் பயிற்றும் ஆசிரியர்க்கு நல்ல தொடக்கமாகும்.