கோல்கீப்பரின் காலைத் திட்டுவதற்கு முன்: ஒரு சவுத்தாம்ப்டன் கணக்கு

2024-25 பிரீமியர் லீக்கில் சவுத்தாம்ப்டன் 38 ஆட்டங்கள் ஆடி 12 புள்ளிகள் எடுத்தது. வெற்றி இரண்டே இரண்டு. பிரீமியர் லீக் வரலாற்றில் இதைவிடக் குறைவாக எடுத்த அணி ஒன்றுதான்: 2007-08-ல் 11 புள்ளி எடுத்த டெர்பி கவுண்டி. ஏழு ஆட்டம் மிச்சம் இருக்கும்போதே கீழ் டிவிஷனுக்கு இறங்குவது உறுதியாகிவிட்டது.

இவ்வளவு மோசமான ஒரு பருவத்தில் ரசிகர்கள் பேச நூறு விஷயம் இருந்திருக்கும். ஆனால் திரும்பத் திரும்ப ஓடியது ஒரே சண்டைதான். கோல்கீப்பர் பந்தைப் பக்கத்தில் நிற்கும் டிஃபெண்டருக்குச் சின்னதாகத் தள்ளி, அங்கிருந்து பாஸ் பாஸாக மேலே கொண்டுபோவது சரியா? இல்லை, பேசாமல் ஓங்கி முன்னால் அடித்துவிடுவது சரியா? இந்தச் சண்டையில் இரண்டு பக்கமும் ஒரே இடத்தைத்தான் பார்க்கிறது, பார்க்க வேண்டிய இடம் வேறு என்பது என் கட்சி. நான் கோச் கிடையாது, சாஃப்ட்வேர்காரன். கையில் இருப்பது ஸ்கோர் பட்டியலும் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டும்தான். இந்தக் கேள்விக்கு அது போதும்.

முதலில், கால்பந்தை எப்போதாவது பார்ப்பவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. இந்த ஆட்டமுறை இவ்வளவு பரவியதற்குக் கோச்சுகளின் ரசனை மட்டும் காரணமில்லை, விதிகளும் காரணம். 1992 வரை டிஃபெண்டர் பந்தைப் பின்னால் தள்ளினால் கோல்கீப்பர் கையால் அள்ளிக்கொள்ளலாம். அந்த வருடம் வந்த விதி அதைத் தடுத்தது: சொந்த அணிக்காரர் வேண்டுமென்றே காலால் தள்ளும் பந்தைக் கோல்கீப்பர் கையால் தொடக் கூடாது. அன்றிலிருந்து கோல்கீப்பருக்கும் கால் வேலை வந்தது. 2019-ல் இன்னொரு மாற்றம். அதுவரை கோல் கிக் அடித்தால் பந்து பெனால்டி பாக்ஸைத் தாண்டிய பிறகுதான் ஆட்டம் தொடங்கும். இப்போது பந்து நகர்ந்தாலே போதும், சொந்த டிஃபெண்டர் பாக்ஸுக்குள் நின்றே வாங்கிக்கொள்ளலாம். எதிரணி மட்டும் பந்து நகரும்வரை வெளியே நிற்க வேண்டும். அதாவது ஆட்டம் தொடங்கும்போது உங்களுக்கு நாலு அடி இடம் இலவசம். அதை எல்லா அணியும் பயன்படுத்தத் தொடங்கின.

இனி சண்டைக்கு வருவோம்.

"முன்னாடி அடி" கட்சிக்கு ஆதாரம் முதல் ஆட்டத்திலேயே கிடைத்துவிட்டது. 2024 ஆகஸ்ட் 17, நியூகாசில் மைதானம். 28-வது நிமிடமே ஃபேபியன் ஷாருக்குச் சிவப்பு அட்டை, நியூகாசிலில் பத்துப் பேர்தான். பந்து பெரும்பாலும் சவுத்தாம்ப்டனிடம். இடைவேளைக்குச் சற்று முன் கோல்கீப்பர் அலெக்ஸ் மெக்கார்த்தி போட்ட பாஸ் நேராக எதிரணியின் ஐசக்கிடம் போனது, அவர் ஜோலிண்டனுக்குக் கொடுத்தார், கோல். ஆட்டம் 0-1. நவம்பரில் லிவர்பூல் வந்தபோதும் முதல் கோல் அதே மாதிரி: பாக்ஸ் விளிம்பில் ஃப்ளின் டவுன்ஸின் பாஸ் தவறியது, சோபோஸ்லாய் உள்ளே அடித்தார். இதையெல்லாம் பார்த்த ஒரு ரசிகன் "ஏன்யா இந்த வம்பு?" என்று கத்துவது இயல்பு. டிசம்பர் 15 அன்று சொந்த மைதானத்தில் டோட்டன்ஹாமிடம் 0-5. அந்த ஐந்தும் முதல் பாதியிலேயே விழுந்தவை. அன்றிரவே கோச் ரஸ்ஸல் மார்ட்டினின் வேலை போனது.

"கொள்கையை விடாதே" கட்சிக்கும் ஆதாரம் இருந்தது. இதே மார்ட்டின், இதே ஆட்டம், முந்தைய பருவத்தில் இரண்டாம் டிவிஷனில் 87 புள்ளி எடுத்து நான்காம் இடம். பிறகு வெம்ப்ளியில் நடந்த பிளே-ஆஃப் இறுதியில் லீட்ஸை 1-0 என்று வென்று மேலே வந்தது. மேலே கொண்டுவந்த ஏணியை ஏறியவுடன் எட்டி உதைப்பதா என்பது அவர்கள் கேள்வி.

இரண்டுமே காதுக்கு நன்றாக இருக்கிறது. அதனால் எண்ணிப் பார்த்தேன்.

மார்ட்டின் இருந்தவரை 16 லீக் ஆட்டங்கள்: 1 வெற்றி, 2 டிரா, 13 தோல்வி. அடித்தது 11 கோல், வாங்கியது 36. அவர் போன பிறகு 22 ஆட்டங்கள்: 1 வெற்றி, 4 டிரா, 17 தோல்வி. அடித்தது 15, வாங்கியது 50.

இப்போது ஆட்டத்துக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். வாங்கிய கோல்: மார்ட்டின் காலத்தில் 2.25, பிறகு 2.27. அடித்த கோல்: 0.69, பிறகு 0.68. புள்ளி: 0.31, பிறகு 0.32.

இரண்டு தடவை சரிபார்த்தேன். கிட்டத்தட்ட ஒரே எண்கள். அடுத்து வந்த இவான் யூரிச்சின் ஆட்டம் வேறு வகை, மைதானம் முழுக்க ஆளுக்கு ஆள் ஒட்டிக்கொண்டு மோதுவது. குறும்பாஸ்தான் உயிர் என்கிற பிடிவாதம் இல்லை. அவருக்கு முன்னும் பின்னும் இடைக்காலக் கோச்சாக சைமன் ரஸ்க். கோச் மாறினார், முறை மாறியது, எண் மட்டும் நகரவில்லை.

"அப்போ அணி ஏற்கெனவே மனசு ஒடிஞ்சு போயிருந்தது சார், அதனால்தான்" என்று யாராவது சொல்லலாம். நியாயமான வாதம். ஆனால் முதல் கட்சி கொடுத்த வாக்குறுதி ரொம்பக் குறிப்பானது: பின்னால் விளையாடுவதை நிறுத்தினால் கோல் வாங்குவது குறையும். வெற்றி வராவிட்டாலும் அந்த ஒரு எண்ணாவது இறங்கியிருக்க வேண்டுமே? இறங்கவில்லை. மறுபக்கம், பந்து நம்மிடம் இருப்பதே பாதுகாப்பு என்ற கட்சியின் வாதப்படி, அதை விட்டவுடன் நிலைமை மோசமாகியிருக்க வேண்டும். அதுவும் ஆகவில்லை.

அப்படியென்றால் அந்த நியூகாசில் கோல், லிவர்பூல் கோல் எல்லாம் கண்கட்டு வித்தையா? இல்லை, அவை நிஜம். ஆனால் இங்கே கணக்கு எழுதுகிற முறையில் ஒரு கோளாறு இருக்கிறது. கோல்கீப்பர் சின்ன பாஸ் போட்டு, அது பறிபோய், ஐந்து நொடியில் கோல் விழுந்தால் குற்றவாளி யார் என்று குழந்தைகூடச் சொல்லும். புள்ளிவிவரக்காரர்களும் அதைப் பிழையால் வந்த கோல் என்று தனிப் பத்தியில் எழுதுவார்கள். அதே கோல்கீப்பர் ஓங்கி அடித்து, எதிரணி டிஃபெண்டர் தலையால் முட்டி, அவர்கள் பந்தை எடுத்துக்கொண்டு, நாற்பது நொடி அங்கும் இங்கும் சுற்றி, கடைசியில் ஒரு கிராஸில் கோல் அடித்தால்? பந்து முதலில் பறிபோன அந்த உதையை யாரும் நினைவில் வைப்பதில்லை. அந்தக் கோல் கிராஸைத் தடுக்காத பேக் மேல் எழுதப்படும்.

எங்கள் தொழிலில் இது தினசரி நடப்பது. சர்வர் விழுந்தால் கடைசியாகக் கோடைத் தொட்டவன் கழுத்தைத்தான் முதலில் பிடிப்பார்கள். ஆறு மாதமாக மெமரி கொஞ்சம் கொஞ்சமாக ஒழுகிக்கொண்டிருந்தால் யார் தலையும் உருளாது. கண்ணுக்குத் தெரிகிற நஷ்டமும் தெரியாத நஷ்டமும் ஸ்கோர்போர்டில் ஒன்றுதான். திட்டு மட்டும் ஒன்றுக்குத்தான்.

இதோடு நிறுத்தினால் "கொள்கை" கட்சிக்கு வெற்றி என்று ஆகிவிடும். அதுவும் சரியில்லை. ஏனென்றால் பின்னாலிருந்து ஆடுவது ஒரு தூண்டில். நம் பாக்ஸ் பக்கத்தில் பந்தை வைத்துக்கொண்டு எதிரணியை "வா, வந்து பறி" என்று கூப்பிடுகிறோம். அவர்கள் ஐந்து பேர் ஓடிவந்தால் அவர்களுக்குப் பின்னால் பெரிய இடம் திறக்கும். அங்கே ஒரு பாஸ் போனால் எதிர்முனையில் நாலுக்கு நாலு. 2022-23-ல் ராபர்ட்டோ டி செர்பியின் பிரைட்டன் இதைப் பாடமாகவே நடத்தியது. லூயிஸ் டங்க் பந்தின் மேல் பாதத்தை வைத்துக்கொண்டு எதிரி வரும்வரை சும்மா நிற்பார். வந்த அடுத்த நொடி பந்து அவரைக் கடந்துவிடும். அந்தப் பருவம் ஆறாம் இடம், கிளப்பின் வரலாற்றில் முதல்முறையாக ஐரோப்பியப் போட்டி.

தூண்டிலின் லாபம் முன்னால் கிடைக்கிறது, செலவு பின்னால் விழுகிறது. சவுத்தாம்ப்டனின் முன்பக்கத்தைப் பாருங்கள். மார்ட்டினின் 16 ஆட்டங்களில் 7-ல் ஒரு கோல்கூட இல்லை. 13 தோல்விகளில் 6 ஒரே கோல் வித்தியாசம், அந்த ஆறில் நாலு 0-1. கோல்கீப்பர் ஒரு தப்பும் செய்யாமல் அந்த நாலையும் 0-0 ஆக்கியிருந்தாலும் ஆட்டத்துக்கு ஒரு புள்ளிதான் கிடைத்திருக்கும். புழுவைக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள், மீன் வரவில்லை. ஆனால் சண்டை முழுக்கப் புழுவைப் பற்றியே நடந்தது.

ஏன் மீன் வரவில்லை? இரண்டு காரணம் எனக்குத் தெரிகிறது.

ஒன்று, ஆள். முறை ஒரு பெருக்கல் குறி மாதிரி. இருப்பதைப் பெருக்கும், இல்லாததை உண்டாக்காது. வின்சென்ட் கொம்பனியின் பர்ன்லி இரண்டாம் டிவிஷனில் 101 புள்ளி எடுத்து முதலிடம். அடுத்த பருவம் பிரீமியர் லீக்கில் 24 புள்ளி, இறக்கம். அதே கொம்பனி அங்கிருந்து நேராக பயர்ன் மியூனிக் போய் முதல் பருவத்திலேயே ஜெர்மன் லீக்கை வென்றார். ஒரு வருடத்தில் அவர் மூளை மாறிவிடவில்லை, முன்னால் ஓடுகிறவர்கள் மாறினார்கள்.

இரண்டாவது காரணத்தை நான் இன்னும் முக்கியமாக நினைக்கிறேன்: மாற்று வழி இல்லாதது. சின்ன பாஸைப் பாதுகாப்பது இன்னொரு சின்ன பாஸ் இல்லை, நீள உதை வரலாம் என்ற பயம். கோல்கீப்பர் எப்போது வேண்டுமானாலும் தலைக்கு மேலே அடிப்பார், அங்கே பந்தை ஜெயிக்க ஆள் இருக்கிறான் என்றால் எதிரணி இரண்டு பேரைப் பின்னாலேயே நிறுத்திவைக்கும். பிரஸ்ஸிங் தானாக இளகும். இவர்கள் அடிக்கவே மாட்டார்கள் என்று தெரிந்துவிட்டால் எல்லாரும் ஏறி வருவார்கள். அந்த நிலையில் எவ்வளவு நல்ல கால் இருந்தாலும் பந்து பறிபோகும். சவுத்தாம்ப்டனிடம் 2.01 மீட்டர் உயரமுள்ள பால் ஒனுவாச்சு இருந்தார். பத்தில் ஒரு தடவை அவர் தலைக்கு அடித்திருந்தால் மற்ற ஒன்பது சின்ன பாஸுக்கும் மூச்சுவிட இடம் கிடைத்திருக்கும். சீட்டு விளையாடுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரே மாதிரி இறங்குகிறவன் கையை எதிரில் இருப்பவன் பார்க்காமலே படித்துவிடுவான்.

ரசிகனுக்கு டாக்டிக்ஸ் புரியாது, அதனால் கத்துகிறான் என்று சில விமர்சகர்கள் அலட்சியமாகப் பேசுவதை நான் ஏற்காததும் இதனால்தான். மைதானத்தில் "அடிடா" என்று எழும் அந்த முனகலில் ஒரு சரியான கவனிப்பு இருக்கிறது: நாம் செய்யப்போவது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. நோயை அவன் சரியாகத்தான் சொல்கிறான். மருந்து மட்டும் தப்பு. எப்போதும் நீளமாக அடிப்பதும் எல்லாருக்கும் தெரிந்ததுதானே.

இந்த முறையின் குரு என்று எல்லாரும் சொல்கிற குவார்டியோலாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2016-ல் மான்செஸ்டர் சிட்டிக்கு வந்ததும் ஜோ ஹார்ட்டை டொரினோவுக்குக் கடன் அனுப்பினார், கால் வேலைக்காக பிராவோவைக் கொண்டுவந்தார், அடுத்த வருடம் எடர்சனை. 2025-ல் எடர்சன் போன இடத்தில் அவர் எடுத்தது டொன்னாரும்மாவை. காலைவிடக் கைக்குப் பெயர் பெற்றவர். குருவே தன் வேதத்தைத் திருத்தும்போது பக்தர்கள் சண்டை போட என்ன இருக்கிறது?

அதனால் உங்கள் அணி அடுத்தமுறை பின்னாலிருந்து ஆடி ஒரு கோல் வாங்கும்போது, ரீப்ளேயில் கோல்கீப்பரின் காலை மட்டும் பார்க்காதீர்கள். அந்த நொடியில் எதிரணியில் எத்தனை பேர் ஏறி வந்திருந்தார்கள், எத்தனை பேர் பயந்து பின்னால் நின்றார்கள் என்று எண்ணுங்கள். பிறகு, அவர்களைத் தாண்டியிருந்தால் பந்து யாரிடம் போயிருக்கும், அவருக்குக் கோல் அடிக்கத் தெரியுமா என்று பாருங்கள். இந்த இரண்டுக்கும் நல்ல பதில் இருந்தால் அந்தக் கோல் கொடுக்க வேண்டிய விலை. பொறுத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் தாராளமாகத் திட்டுங்கள். ஆனால் கோல்கீப்பரை விட்டுவிட்டு, அவரை அந்த இடத்தில் தனியாக நிறுத்திய திட்டத்தைத் திட்டுங்கள்.