கடலில் கொள்ளை, கரையில் கேள்வி
நூருத்தீன் ஃபாராவின் ‘கிராஸ்போன்ஸ்’ நாவல் பற்றிய ஒரு திறனாய்வு

ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டில், கி.பி. 1331ஆம் ஆண்டளவில், அரபிகள் மக்தஷவு என்று வழங்கிய மொகதிஷூ துறைமுகத்தை வந்தடைந்தார் இப்னு பதூதா. கப்பல் கண்ணுக்குத் தெரிந்ததும் அந்நகரத்து இளைஞர்கள் சம்பூக்குப் படகுகளில் விரைந்து வந்ததையும், மூடிய உணவுத் தட்டொன்றை ஆளுக்கொரு வணிகர்முன் வைத்து அவரைத் தம் விருந்தாளியாக உரிமை கொண்டாடியதையும் அவர் தம் பயண நூலில் எழுதி வைத்துள்ளார். பின்னாளில் மஅபர் எனப்பட்ட நம் தமிழகக் கரைக்கும் வந்து போனவர் அவர். நம் கடற்கரை ஊர்களைப் போலவே ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றி வந்த அந்தச் சோமாலியக் கரை, நம் முன்னோர் அறிந்த கடலுலகின் மறுமுனையாக விளங்கிற்று.

அதே கரையிலிருந்து, 2005ஆம் ஆண்டு தொடங்கி ஏறத்தாழ எட்டு ஆண்டுக் காலம், சிறு படகுகள் மீண்டும் கப்பல்களை நோக்கி விரைந்தன. இம்முறை இளைஞர்கள் கையில் இருந்தவை ஏணியும் துப்பாக்கியுமாகும். விருந்தாளியைத் தேடிச் சென்ற படகு பிணைக்கைதியைத் தேடிச் சென்றது எவ்வாறு? கொள்ளையரையும் அவர்களை ஒடுக்க வந்த அந்நியப் போர்க்கப்பல்களையும் சோமாலிய மக்கள் எந்தக் கண்கொண்டு பார்த்தனர்? செய்தித்தாள்கள் அதிகம் கேளாத இவ்வினாக்களை எழுப்பும் ஒரு நாவலே இங்கு நம் ஆய்வுக்குரியது.

நூருத்தீன் ஃபாரா 1945இல் பைதோவாவில் பிறந்தவர். 1970இல் தம் முதல் நாவலை வெளியிட்டவர். ஸியாத் பர்ரேயின் சர்வாதிகாரத்தைச் சாடி எழுதியதால் தாயகம் திரும்ப இயலாமல் இருபது ஆண்டுகளுக்கு மேல் பிறநாடுகளில் அலைந்து, 1996இல்தான் மீண்டும் தம் மண்ணை மிதித்தவர். ஆங்கிலத்தில் எழுதினாலும் அவர் எழுத்தின் மூச்சு சோமாலியாவே. ‘லிங்க்ஸ்’, ‘நாட்ஸ்’ என்னும் நாவல்களைத் தொடர்ந்து, அவ்வரிசையின் மூன்றாவதாக 2011இல் வெளிவந்தது ‘கிராஸ்போன்ஸ்’. கொள்ளையர் கொடியிலுள்ள குறுக்கெலும்புகளைக் குறிக்கும் பெயர் அது.

கதையின் காலம் 2006ஆம் ஆண்டு. இஸ்லாமிய நீதிமன்றங்களின் ஒன்றியம் மொகதிஷூவை ஆள்கிறது. எத்தியோப்பியப் படை எல்லையில் காத்து நிற்கிறது. அமெரிக்காவில் வாழும் பேராசிரியர் ஜீப்லெ, பத்திரிகையாளனான தம் மருமகன் மாலிக்குடன் தலைநகருக்கு வருகிறார். மாலிக்கின் சகோதரன் அஹ்ல் புந்துலாந்துக்குச் செல்கிறான். மின்னியாபொலிஸ் நகரத்திலிருந்து காணாமற்போய், ஆயுதக் குழுவொன்றில் சேர்ந்துவிட்ட தன் வளர்ப்பு மகன் தஹ்லீலைத் தேடுவதே அவன் நோக்கம். தம்பி செய்தி தேடுகிறான், அண்ணன் பிள்ளையைத் தேடுகிறான். இவ்விரு தேடல்களின் வழியே கடற்கொள்ளையின் உள்விவரம் சிறிது சிறிதாக நமக்குத் தெரிய வருகிறது.

இந்நாவலில் கடலே அதிகம் வருவதில்லை என்பது கவனிக்கத்தக்கது. கப்பலைத் துரத்தும் காட்சியை எதிர்பார்த்து நூலை எடுப்பவர் ஏமாந்து போவார். வீட்டுக் கூடங்களிலும் விடுதி அறைகளிலும் நடக்கும் உரையாடல்களே நூலின் பெரும்பகுதி. கொள்ளையருக்கும் வெளியுலகுக்கும் இடையே தரகனாக நிற்கும் ஃபித்னோ என்பவன் இதில் முதன்மையானவன். ‘ஃபித்னா’ என்ற சொல்லை அப்பெயர் நமக்கு நினைவூட்டத் தவறாது. அவனும் பிறரும் பேசும் பேச்சிலிருந்து திரும்பத் திரும்ப எழும் செய்தி ஒன்றுண்டு. கொள்ளையின் பணம் கொள்ளையடித்தவன் கைக்கு முழுமையாக வந்து சேர்வதில்லை. அது வேறு நகரங்களுக்குப் போய்விடுகிறது.

நாவலாசிரியரின் இக்கூற்று வெறும் கற்பனையன்று. உலக வங்கியும் பிற அமைப்புகளும் 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2005 முதல் 2012 வரை 179 கப்பல்கள் கடத்தப்பட்டன; 33.9 கோடி முதல் 41.3 கோடி டாலர் வரை மீட்புப் பணமாகக் கொடுக்கப்பட்டது. அதில் 30 முதல் 50 விழுக்காடு வரை முதலீடு செய்த பணக்காரர்களுக்கே சென்றது. உயிரைப் பணயம் வைத்துக் கப்பலில் ஏறிய இளைஞனுக்குக் கிடைத்தது ஒரு சிறு பங்கு. அதிலும் காத் இலைக்கும் கடனுக்கும் கழித்துக்கொண்டது போக மிஞ்சியதே அவனுடையது.

கொள்ளையர் தம்மைக் ‘கடலோரக் காவலர்’ என்று அழைத்துக்கொண்டனர். 2008இல் 33 பீரங்கி வண்டிகளுடன் சென்ற ‘ஃபைனா’ கப்பலைப் பிடித்தவர்களின் பேச்சாளர், கடலில் மீனைத் திருடுவோரும் கழிவைக் கொட்டுவோருமே உண்மையான கொள்ளையர் என்று வாதிட்டார். சோமாலியாவில் பிறந்து கனடாவில் வாழும் பாடகர் கெய்நான், தம் மக்கள் ஏன் இக்கொள்ளையரைக் கண்டிக்கவில்லை என்பதை விளக்கி 2009இல் ஒரு கட்டுரையே எழுதினார். இவ்வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. 1991 ஜனவரியில் ஸியாத் பர்ரே ஆட்சி வீழ்ந்தபின், மூவாயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அக்கடற்கரையைக் காக்க ஒரு படகும் இல்லாமற்போயிற்று. ஐரோப்பாவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் வந்த பெரும் இழுவைக் கப்பல்கள் மீன்வளத்தை வாரிச் சென்றன. சிறு மீனவர்களின் வலைகள் அறுக்கப்பட்டன.

ஆயினும் சோமாலியர் அனைவரும் இவ்வாதத்தை ஏற்றனர் எனக் கருதுதல் பிழையாகும். ‘புர்அத் பதீத்’, அதாவது கடற்கொள்ளையர், என்றே அவர்களைத் தம் மொழியில் மக்கள் குறிப்பிட்டனர். ஐல் போன்ற கரையூர்களில் மதுவும் காத்தும் பெருகின, பண்டங்களின் விலை ஏறிற்று, சீதனம் எட்டாத உயரத்திற்குப் போயிற்று என்று குலப் பெரியோர்கள் வருந்தினர். உலமாக்கள் ஜும்ஆ மேடைகளில் நின்று அப்பணம் ஹராம் என்று எடுத்துரைத்தனர். காவலர் என்ற பெயருக்குப் பொருந்தாத வகையில், உலக உணவுத் திட்டம் அனுப்பிய உணவுக் கப்பல்களும் பிடிபட்டன. அது சோமாலியக் குழந்தைகளுக்காக வந்த உணவு.

அல்கஹ்ஃபு அத்தியாயத்தில் மூஸா (அலை) அவர்களும் ஹிள்ரு (அலை) அவர்களும் ஏறிச் சென்ற கப்பலை நம் வாசகர்கள் அறிவர். அது கடலில் உழைத்துண்ணும் ஏழைகளுக்குச் சொந்தமானது. அவர்களுக்கு அப்பால் ஓர் அரசன், நல்ல கப்பல்களையெல்லாம் பலாத்காரமாகப் பறித்துக்கொண்டிருந்தான். சோமாலியக் கதையின் தொடக்கத்தில் ஏழை மீனவன் அக்கப்பற்காரன் நிலையில் இருந்தான். இழுவைக் கப்பல் முதலாளி அந்த அரசன் நிலையில் இருந்தான். கதை வளர வளர, பறிகொடுத்தவனின் ஊரிலிருந்தே பறிப்பவன் தோன்றினான். அவன் பறித்த கப்பலில் இருந்தவரோ பெரும்பாலும் பிலிப்பைன்ஸ், இந்தியா, வங்காளதேசம், ஏமன் போன்ற நாடுகளின் ஏழை மாலுமிகள். 2010 மார்ச்சில் பிடிபட்ட ‘ஐஸ்பெர்க் 1’ கப்பலின் மாலுமிகள் ஏறத்தாழ ஆயிரம் நாள் சிறைப்பட்டிருந்தனர். ஒருவனுக்கு நேர்ந்த அநீதி மற்றொரு நிரபராதியின் மீது கை வைக்க அவனுக்கு உரிமை வழங்குமா? வழங்காது என்பதே நம் மார்க்கத்தின் தீர்ப்பு. ஃபாராவின் நாவலும் கொள்ளையனுக்கு வீரப்பட்டம் சூட்டவில்லை. அவன் வாதத்தை முழுமையாகப் பேசவிட்டு, அதன் பொய்யை அவன் வாயாலேயே வெளிப்படுத்துகிறது.

இனி, அந்நியத் தலையீடு பற்றிய பகுதிக்கு வருவோம். கொள்ளையை வெறுத்தவர்கள் போர்க்கப்பலை வரவேற்றிருக்க வேண்டும் அல்லவா என்று வெளியுலகம் எண்ணியது. சோமாலியரின் நினைவு அதற்கு இடந்தரவில்லை. கவிஞரும் போராளியுமான ஸையித் முஹம்மது அப்துல்லாஹ் ஹஸனின் தலேஹ் கோட்டையின்மீது 1920இல் பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு வீசின. 1992 டிசம்பரில் பசி தீர்க்க வந்த அமெரிக்கப் படை, 1993 அக்டோபரில் மொகதிஷூத் தெருக்களில் போரிட்டது. பதினெட்டு அமெரிக்க வீரர்கள் மாண்டதை உலகம் அறியும். நூற்றுக்கணக்கில் மாண்ட சோமாலியரின் பெயர்களை எவரும் பட்டியலிடவில்லை. 2006 ஜூனில் நீதிமன்றங்களின் ஒன்றியம் தலைநகரைக் கைப்பற்றியது. கொள்ளை ஹராம் என்று அறிவித்து, கொள்ளையரின் தளமான ஹராதீரேக்குப் படை அனுப்பி, பிடிபட்ட ‘வீஷம் 1’ என்ற கப்பலையும் விடுவித்தது. அவ்வாட்சியில் குறைகளும் கெடுபிடிகளும் இருந்தன. ஆயினும் கரையை ஆள்பவன் நினைத்தால் கடல் அமைதியுறும் என்பதை அச்சில மாதங்கள் மெய்ப்பித்தன. அவ்வாண்டு டிசம்பரில், அமெரிக்க ஆதரவுடன் எத்தியோப்பியப் படை நுழைந்து அவ்வாட்சியை வீழ்த்தியது. 2008இல் கொள்ளை என்றுமில்லாத உச்சத்தை எட்டியது.

அதே ஆண்டு ஜூனில் பாதுகாப்புச் சபையின் 1816ஆம் தீர்மானம் சோமாலியக் கடலெல்லைக்குள் நுழையவும், டிசம்பரில் 1851ஆம் தீர்மானம் கரையிலும் நடவடிக்கை எடுக்கவும் இசைவளித்தன. கரையில் ஒழுங்கைக் குலைத்தவர்களே கடலில் ஒழுங்கை நிலைநாட்ட வருகிறார்கள் என்று சோமாலியர் நினைத்ததில் வியப்பென்ன? மீன் திருடும் இழுவைக் கப்பலைத் தடுக்க எப்போர்க்கப்பலும் வரவில்லையே என்றும் அவர்கள் கேட்டனர். மீனவனுக்கும் கொள்ளையனுக்கும் தொலைநோக்கியில் வேறுபாடு தெரியுமா என்பது அவர்களின் மற்றோர் அச்சம்.

அவ்வச்சம் வீணானதன்று. 2008 நவம்பரில் இந்தியப் போர்க்கப்பல் ஒன்று கொள்ளையரின் தாய்க்கப்பல் எனக் கருதி ஏடன் வளைகுடாவில் மூழ்கடித்தது, கொள்ளையர் பிடித்து வைத்திருந்த தாய்லாந்து மீன்பிடிக் கப்பல் என்பது பின்னரே தெரிந்தது. உள்ளிருந்த மாலுமிகளுள் ஒருவரே உயிர் பிழைத்தார். 2012 பிப்ரவரியில் கேரளக் கடலருகே, ‘என்ரிகா லெக்ஸி’ என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலின் காவல் வீரர்கள் மீன்பிடிப் படகைக் கொள்ளையர் படகென்று கருதிச் சுட்டதில் இருவர் மாண்டனர். அவர்களுள் ஒருவர் நம் கன்னியாகுமரி மாவட்டத்து மீனவர். சோமாலியக் கரையில் பிறந்த பயம் நம் வீட்டுவாசல் வரை வந்துவிட்டதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

2013இல் வெளிவந்த ‘கேப்டன் ஃபிலிப்ஸ்’ திரைப்படத்தை இந்நாவலோடு ஒப்பிட்டால் ஃபாராவின் பணி விளங்கும். 2009 ஏப்ரலில் நடந்த ‘மேர்ஸ்க் அலபாமா’ கடத்தலைச் சொல்லும் படம் அது. மின்னியாபொலிஸ் சோமாலியரான பர்கத் அப்தி அதில் கொள்ளையனாக நடித்து உலகப் பாராட்டைப் பெற்றார்; அவர் முகத்தில் பசியும் பிடிவாதமும் ஒருங்கே தெரிந்தன. ஆயினும் கரை அதில் சில நிமிடங்களே இடம்பெறுகிறது. பின்னர் எல்லாம் அமெரிக்கக் கப்பலின் பார்வையே. அந்த இளைஞனின் தாய் என்ன நினைத்தாள், பள்ளிவாசல் இமாம் என்ன சொன்னார் என்று அப்படம் கேட்பதில்லை. கேட்பவர் ஃபாரா. இது அவர் நூலின் பெருமை.

குறையும் உண்டு. மார்க்கவாதிகளைச் சித்திரிக்கும்போது அவர் பேனா ஒரு பக்கமாகவே சாய்கிறது. விமான நிலையத்தில் மாலிக்கின் கணினியைப் பறித்துச் சோதிக்கும் பெருந்தாடிக்காரன் முதலிய பாத்திரங்கள் நையாண்டிச் சித்திரங்களாக நின்றுவிடுகின்றன. அத்தகையோர் இல்லை என்று நாம் வாதிடவில்லை. தஹ்லீல் போன்ற சிறுவர்களை மரணத்திற்கு அனுப்பியவர்கள் மன்னிக்கத்தக்கவர்களும் அல்லர். ஆனால், துப்பாக்கி ஏந்திய கொள்ளையன் முதல் வரிசையில் அமர்ந்திருக்கையில் அவன் பணம் ஹராம் என்று குத்பா ஓதிய எளிய இமாமும் அந்நாட்டவரே. அவர் இந்நாவலில் நினைவில் நிற்கும் அளவுக்கு உருப்பெறவில்லை. வலை அறுபட்ட மீனவனும் பேச்சில் வருகிறானேயன்றி, மனிதனாக முன்வந்து நிற்பதில்லை. படித்தவரும் புலம்பெயர்ந்தவரும் பேசும் பேச்சு மிகுந்து, கரையில் வாழ்பவனின் குரல் மெலிந்துவிட்டது. சோமாலியருக்காகப் பேச வந்த நூலில் இது சிறு குறையன்று.

இக்குறையோடும் இந்நாவல் நமக்கு வேண்டியதே. முஸ்லிம் பெயருடைய ஒருவன் குற்றம் செய்ததாகச் செய்தி வரும்போது நம்மிடையே இரண்டு வழக்கங்கள் உள்ளன. ஒன்று, நாணித் தலைகுனிந்து வாய்மூடி இருத்தல். மற்றொன்று, சகோதரன் என்பதற்காகவே அவனுக்கு வக்காலத்து வாங்குதல். அநீதியிழைக்கும் சகோதரனுக்கு உதவுவதாவது அவன் கையைப் பிடித்துத் தடுப்பதே என்பது நாம் அறிந்த நபிவழி. கொள்ளையனை மறுத்த சோமாலியர் அந்நியப் படையையும் ஐயத்தோடு நோக்கினர். இவ்விரண்டும் ஒரே நேர்மையின் இரு வெளிப்பாடுகள் என்பதை ஃபாரா காட்டுகிறார்.

பின் நிகழ்ச்சிகளும் இதையே உணர்த்துகின்றன. ‘ஐஸ்பெர்க் 1’ மாலுமிகளை 2012 டிசம்பரில் மீட்டது புந்துலாந்தின் சொந்தக் கடற்காவல் படை. ஆயுதக் காவலும் போர்க்கப்பல்களும் கொள்ளையைக் குறைத்தன என்பது உண்மை. பாதுகாப்புச் சபையின் இசைவு 2022 மார்ச்சில் முடிவுற்றது. ஆனால் 2023 டிசம்பரில் ‘ரூயன்’ கப்பலும், 2024 மார்ச்சில் வங்காளதேசத்தின் ‘அப்துல்லாஹ்’ கப்பலும் பிடிபட்டன. நோயின் வேர் கரையில் இருக்க, மருந்தைக் கடலில் தெளித்தால் நோய் தணியுமேயன்றித் தீராது. கரையில் நீதியும் வலையில் மீனும் கிடைக்கும் நாளில்தான் அந்த இளைஞன் ஏணியைக் கீழே வைப்பான்.