கூட்டின் பெயர் எங்கே?

வேப்பம்பட்டில் எங்கள் பையன்கள் நாலு பேர் கிதார், டிரம்ஸ் என்று ஒரு குழு நடத்தினார்கள். மூணு வருஷம், சர்ச் விழா, கல்யாணம், ஒரு தடவை மே தினக் கூட்டம். பாஸ் கிதார் வாசித்தவன் சினிமா ரெக்கார்டிங்குக்குப் போனதோடு சரி. 'பேண்டு ஒடஞ்சிருச்சாடா?' என்றேன். 'ஒடையலண்ணா, அவனுக்கு சான்ஸ் கெடைச்சிருச்சு' என்றான் டிரம்மர். இந்தப் பதிலை முன்வைத்தே 'ரூட்ஸ்' குழுவைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

சிவமணி, ஜான் அந்தோணி, சுரேஷ் பீட்டர்ஸ், ஜோஜோ, ராஜா. கீபோர்டில், அப்போது திலீப் ஆக இருந்த ஏ.ஆர். ரஹ்மான். 'நெமிசிஸ் அவென்யூ' என்ற ராக் குழுவையும் அவர் தொடங்கினார். இளையராஜா, எம்.எஸ்.வி. ஒலிப்பதிவுகளில் பிறர் சொன்னதை வாசித்துச் சம்பளம் வாங்கிய பையனுக்கு, சினிமாவுக்கு வெளியே இருந்த இடம் இது. 'ரோஜா' (1992) வந்தபின் இதெல்லாம் ஒரு மேதையின் கதையாடலில் முன்கதைச் சுருக்கமாகிவிட்டது. பீட்டில்ஸ் 1970இல் பிரிந்தபோது நாலு பேரின் பெயரும் நின்றன. இங்கே ஜோஜோ, ராஜா என்ற பெயர்களுக்குப் பிறகு முற்றுப்புள்ளிதான்.

அவர்களில் சிலர் கூடவே போனார்களே என்று கேட்கலாம். போனார்கள். ரஹ்மான் பாடல்களில் சிவமணியின் தாளம் உண்டு. 'காதலன்' (1994) படத்தின் பேட்டை ராப்பில் சுரேஷ் பீட்டர்ஸின் குரல் உண்டு. கேசட் உறையில் வாத்தியக்காரர்களின் பெயரை அச்சிட்டவரும் ரஹ்மான்தான். இதைக் குறைத்து மதிப்பிட நான் தயாராயில்லை. அதற்கு முன் காலமெல்லாம் ஸ்டூடியோவில் வயலின் வாசித்தவர்களின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆனால் அவருடைய பஞ்சதன் ஸ்டூடியோவின் உற்பத்திமுறை வேறு. வாசிப்பவர் தனியாக அழைக்கப்படுகிறார், தனி ட்ராக்கில் பதிவாகிறார்; எது இருக்கும், எது போகும் என்பது கடைசியில் கணினி முன் உட்கார்ந்திருப்பவரின் முடிவு. ஒருத்தன் தாளம் தப்பினால் இன்னொருத்தன் திரும்பி முறைப்பது, 'இந்த இடத்துல கிதார் வேணாம்டா' என்று சண்டை பிடிப்பது எல்லாம் அங்கே தேவையற்றுப் போகிறது. அந்தச் சண்டைதானே பேண்டு! உறையில் தனித்தனிப் பெயர்கள் வந்தன. கூட்டின் பெயர் வரவில்லை.

(நாம் மட்டும் என்ன? நின்றுபோன சிறுபத்திரிகைகளின் ஆசிரியர் பெயர் நமக்குத் தெரியும். அச்சுக் கோத்தவரை, தபால்தலை ஒட்டியவரை யார் எழுதினோம்?)

எங்கள் டிரம்மரின் செல்போனில் ஏழு பாட்டுகள் பதிவாகிக் கிடக்கின்றன. எந்தப் பாட்டுக்கு யார் மெட்டுப் போட்டது, யார் மாற்றியது என்று எழுதித் தரச் சொல்லியிருக்கிறேன். பாஸ் வாசித்தவனையும் கேட்டுத்தான் எழுதணும் என்கிறான்.